மறுக்காவிட்டால் சம்மதம்

அவள் எழுதிய மாற்றங்கள் இரண்டுதான். முன்னோட்டத்தில் மூன்று வரிகள் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காலையில் பிடித்த மழை விடாமல் பெய்ததில் கூடத்துக்குள் பொழுது சாய்வதற்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலிகளின் முதுகில் போட்டிருந்த உலராத துணிகளின் வாடையும், காய்ச்சலில் கிடக்கும் மகள் சின்னுவின் நெற்றியில் தடவிய தைலத்தின் நெடியும் கலந்து வீட்டையே மூச்சுமுட்ட வைத்தன. கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அந்த மூன்றாவது வரியை முறைத்தாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சர்வரைப் பராமரித்தது. எந்த வீட்டுக் கதவு எப்போது பூட்டிக்கொள்ள வேண்டும், எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதெல்லாம் அதன் தரவுத்தளத்தில் இருந்தன. அதன் அமைப்புகளில் கை வைப்பதென்றால் அவள் முதலில் முன்னோட்டம் ஓட்டிவிடுவாள். இடப்பக்கம் இப்போதிருக்கும் மதிப்பு, வலப்பக்கம் மாறப்போகும் மதிப்பு. "உப்பு போடறதுக்கு முன்னாடியும் முன்னோட்டம் பாப்பீங்களா?" என்று அலுவலகத்தில் சீண்டுவார்கள். அது போதாதென்று ஒரு விதியையும் அவளே கொண்டுவந்திருந்தாள். முன்னோட்டத்தைப் பார்த்தவர் கால் மணி நேரத்துக்குள் மறுக்காவிட்டால் அது சம்மதம். மாற்றம் தானாகவே அமலாகிவிடும். ஒப்புதல் தராமல் ஆளாளுக்கு இழுத்தடித்ததில் வெறுத்துப்போய்ச் செய்த ஏற்பாடு. அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் வரி சர்வரின் நினைவகத்தைக் கூட்டுவது. அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளை அது ஏற்கலாம் என்பது. இரண்டும் அவளுடையவை. மூன்றாவதில் அவள் வீட்டின் எண் இருந்தது. அதன் பக்கத்தில்: குழந்தை அறை. இருப்பவர்: 1 → 0.

சிரிப்பு வந்தது, முழுதாக வரவில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் என்பது யாரும் அமைக்கிற விஷயமே அல்ல. தீப்பிடித்தால் யாரை எங்கே தேடுவது என்று தெரிவதற்காக, கூரையில் பதித்த உணரி மூச்சையும் உடற்சூட்டையும் வைத்து எண்ணிச் சொல்வது. அதைப் பார்க்கலாம், எழுத முடியாது. அந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வருகிறதென்று தேடினாள். எந்தக் கோப்பிலும் இல்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடி வந்தது. திரையின் மூலையில் கால் மணி நேரம் கரைந்துகொண்டிருந்தது.

எழுந்து போய் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு சின்னு சுருண்டிருந்தாள். தூங்கட்டும் என்று தொடவில்லை. அலமாரிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. விளையாட்டென்றாலும் பயமென்றாலும் சின்னுவுக்கு அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும் வழக்கம் உண்டு. துணிகளைக் கலைத்துப் போட்டிருப்பாள் என்று அலுத்துக்கொண்டே கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தாள்.

மனம் கேட்கவில்லை. குழுத் தலைவரை அழைத்தாள். முப்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டதால் எல்லோருக்கும் அவர் 'தாத்தா'.

"தாத்தா, முன்னோட்டத்துல நான் போடாத ஒரு வரி வருது. நீங்க யாராவது விளையாடறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை எவன்மா விளையாடுவான்? இரு, நானும் பாக்கறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம். "எனக்கு ரெண்டு வரிதான் தெரியுது."

"எனக்கு மூணு தெரியுதே."

"எதுவா இருந்தாலும் முதல்ல மறுத்துடு. மறுப்பை அமுக்கிட்டு அப்புறம் யோசிக்கலாம். உன் விதி உனக்குத் தெரியாதா?"

சரிதான். விரலை மறுப்புப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள்.

குழந்தை அறையிலிருந்து ஒரு தட்டல் கேட்டது.

மெல்லிய தட்டல். மரத்தின் உள்பக்கத்திலிருந்து, விரல் முட்டியால் தட்டுவது போல. மழைச் சத்தத்தில் முதலில் அது மழைதான் என்று நினைத்தாள், குழாயில் நீர் இறங்குவதென்று நினைத்தாள், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதென்றும் நினைத்துப் பார்த்தாள். மறுபடி தட்டியது. அலமாரியிலிருந்து.

கைபேசியைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். கட்டிலில் போர்வை அப்படியே இருந்தது. அலமாரிக் கதவு அசைந்தது. உள்ளே இருந்து தள்ளுகிறார்கள். மெல்ல. ஓசைப்படாமல்.

1 → 0. குழந்தையைக் கொண்டுபோக வந்திருக்கிறது.

யோசிக்கவில்லை. போர்வையோடு சேர்த்துக் குழந்தையை அள்ளித் தோளில் போட்டாள். காய்ச்சல் விட்டிருந்தது, உடம்பு சில்லென்றிருந்தது. அந்த அவசரத்திலும் அப்பாடா என்று நினைத்தாள். சின்னக் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. பின்னால் அலமாரி கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கூடம். வாசல். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது, பூட்டு விழுந்தது. மின்தூக்கிக்குக் காத்திராமல் படிகளில் இறங்கி ஓடினாள்.

கீழே, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், சாரலில் நின்றாள். "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்." முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மூச்சில் ஏறி இறங்கும் முதுகு இல்லை அது. தன் இரைப்பில் அது தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டாள். கைபேசியில் இன்னும் தாத்தாவின் குரல்.

"ஹலோ? மறுத்துட்டியா? லைன்ல இருக்கியா?"

மறுக்கவில்லை.

ஒற்றைக் கையால் செயலியைத் திறந்தாள். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. இருக்கட்டும். குழந்தை தன்னிடம் இருக்கிறது. அறையில் எண்ணுவதற்கு யாரும் இல்லை.

குழந்தை அறை. இருப்பவர்: 1 → 0.

இடப்பக்கம் இன்னும் 1.

உணரி தவறு செய்யாது. அதைச் சோதித்துப் பார்த்தவளே அவள்தான். மூச்சு. உடற்சூடு. இருந்தால் எண்ணும், இல்லாவிட்டால் எண்ணாது.

நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது மாடி. விளக்கெரியும் சன்னல். கண்ணாடியில் ஒரு சின்ன உள்ளங்கை. அதன் பக்கத்தில் சின்னுவின் முகம், அழுது சிவந்த முகம். அம்மா தூக்கிவைத்திருப்பதைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறாள்.

மறுப்பு. மறுப்பு. கட்டைவிரலால் அழுத்தினாள். ஈரவிரலைத் திரை ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. கைபேசி நழுவித் தரையில் விழுந்து, முகம் மேலாகக் கிடந்தது.

அமலாகிவிட்டது.

மேலே விளக்கு அணைந்தது. கண்ணாடியில் கை இல்லை. முகம் இல்லை. கீழே ஈரத்தரையில், மழைத்துளிகளுக்கு அடியில், இடப்பக்கம் 0.

அவள் கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் தோளில் கிடந்த உடம்பு மெல்லச் சூடேறியது. முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. கழுத்தில் வெதுவெதுவென்று மூச்சு பட்டது.

"அம்மா," என்றது சின்னுவின் குரல், "வீட்டுக்குப் போலாமா?"