மூச்சும் இருக்கக் கூடாது

யமுனா அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நாற்பது வினாடி ஓடியது. பதில் உடனே வந்தது.

"என்ன கண்ணு, சேவல் கூவுறதும் குழாய்ல தண்ணி கொட்டுறதுந்தான் கேக்குது. நீ ஒண்ணுமே பேசலியே?"

அவள் பேசியிருந்தாள். ராசிபுரத்தில் மழை பெய்ததா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா, கார்த்திகைக்கு வர முடியுமா தெரியவில்லை என்று வரிசையாகச் சொல்லியிருந்தாள். தானே போட்டுக் கேட்டாள். சேவல் துல்லியமாகக் கூவியது. தண்ணீர் வாளியில் விழுந்தது, குழாயை மூடும்போது எழும் கிறீச் என்ற ஒலிகூட இருந்தது. அவள் குரல் மட்டும் இல்லை.

பழைய போன். முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

மலைமேல், திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் இந்த ஓட்டு வீட்டை யுவராஜ் வாடகைக்குப் பிடித்ததே சத்தமில்லாத இடம் என்பதற்காகத்தான். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடிகளுக்கு நடுவே, ரோட்டிலிருந்து நடந்து வர வேண்டிய தூரத்தில் இருந்தது. உள்ளறையின் சுவர் முழுக்க பஞ்சு மெத்தைகளை அடித்து, கனமான கதவு ஒன்று போட்டு, கதவில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி வைத்தான். பதிவு நடக்கும்போது அவள் தட்டாமல் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள. அந்தக் கண்ணாடியை வைத்த அன்று, "இது உனக்காகத்தான்" என்று சொல்லி நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

கல்லூரியில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன ராக் குழு வைத்திருந்தார்கள். கிடார் அவன், பாட்டும் வரிகளும் அவள். எட்டுப் பாட்டுச் செய்தார்கள். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத்தான் அவனுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கிடைத்தது. விளம்பரம் எடுப்பவர்களும் வீடியோ போடுபவர்களும் பின்னணிக்கு ஆயத்தமாக இசை வாங்குவார்கள். கிடார், டிரம்ஸ், பேஸ் எல்லாம் இருக்கலாம். மேலே அவர்கள் ஆள் பேசுவார்கள் என்பதால் மனிதக் குரல் மட்டும் இருக்கக் கூடாது.

பழைய எட்டுப் பாட்டையும் அவன் அதற்கு விற்க, பாட்டுக்கொன்றாக வந்த எட்டுத் தாளிலும் 'என் குரலை நீக்கச் சம்மதம்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டது அவள்தான். முதல் தாளைக் காப்பி டம்ளரோடு கொண்டுவந்து வைத்தான். அவன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்ததில், அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் அவனோடு போவதென்று முடிவெடுத்த இரவில் அவள் எழுதிய பாட்டு, எந்த ஊரிலோ ஒருவன் காரைத் துடைக்கிற வீடியோவுக்கு அடியில் ஓடியது. அவன் பெருமையாகக் காட்டினான். தான் பாடிய இடம் காலியாக இருப்பதைக் கேட்டபோது அவளுக்குப் பல் பிடுங்கிய குழியில் நாக்குப் போவது போல இருந்தது.

மூன்றாவது பாட்டில் குரலை வெட்டிய பிறகு அவளுக்குத் தொண்டை கம்மியது. ஆறாவதுக்குப் பிறகு, "ஏன் கண்ணு கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி பேசற?" என்று அம்மா கேட்டாள். மலைக் குளிர் என்று சொன்னாள். எட்டாவது நேற்று முடிந்திருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. வேலியோரம் பாவாயி குச்சிக்கிழங்கோடு வந்து நின்றாள். பக்கத்துக் காட்டுக்காரி, வாயாடி. யமுனா திண்டில் நின்று, "வாங்கக்கா" என்றாள். பாவாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, கூப்புடக் கூப்புட வாயத் தொறக்க மாட்டீங்கற? பேசுனா முத்து உதுந்துருமா?"

"பேசறனே அக்கா."

"பாரு, உதட்ட மட்டும் ஆட்டுது! என்னைய நக்கல் பண்றயா?" கிழங்கை வேலிமேல் வைத்தாள். "ஊட்டுக்காரங்கூட மட்டும் அந்தச் சிரிப்புச் சிரிக்கற. நேத்துச் சாயந்தரம் மொளகுக் காட்டு வரைக்கும் கேட்டுச்சு. யுவா, யுவான்னு ஒரே கொஞ்சல். எம் புருசன் வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிட்டான் போ."

அவள் சிரித்தபடி பனிக்குள் போய்விட்டாள்.

யமுனா அசையவில்லை. நேற்றுச் சாயந்திரம் அவள் செம்மேட்டுக் கடைத்தெருவில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். யுவா என்று அவள் அவனைக் கூப்பிட்டு நான்கு வருடமாகிறது. கல்யாணமான மூன்றாம் நாள் மாமியார் முகம் சுளித்ததிலிருந்து ஏனுங்க என்றுதான்.

அப்படியானால் வேறொருத்தி. ஒரு மாதமாகவே அந்தச் சந்தேகம் இருந்தது. அவன் சாப்பிடும்போது பேசுவதில்லை. தட்டைப் பார்த்துத் தின்றுவிட்டு எழுந்து போவான். ஆனால் உள்ளறைக் கதவு மூடியதும், மெத்தைகளைத் தாண்டி அவன் முணுமுணுப்பு வரும், நடுநடுவே ஒரு சிரிப்பு வரும். கல்லூரி மாடிப்படியில் அவள் கேட்டுக் காதலித்த அதே சிரிப்பு.

வீட்டுக்குள் போனாள். பிளாஸ்டிக் ஒயர் சூடாகிற வாடையும், ஈரப் பஞ்சின் வாடையும் கலந்து வந்தன. கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. கதவைத் தள்ளினாள்.

"...அந்தச் செவப்புத் தாவணி கட்டிட்டு வந்தியே, ஞாபகமிருக்கா?" என்று யுவராஜ் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மறப்பனா? பின்னாடி ஊக்கு குத்திக் கிழிஞ்சிருந்துச்சு, நீ சொல்லவே இல்ல. திருடா" என்றது ஸ்பீக்கர்.

அவள் குரல். இருபது வயதின் குரல். எந்தப் பாட்டிலும் இல்லாத வார்த்தைகள்.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் கத்தினாள். தொண்டை அதிர்ந்தது, நரம்பு புடைத்தது, அறையில் ஒன்றும் கேட்கவில்லை. மேசையிலிருந்த நோட்டை இழுத்து எழுதினாள்: நிறுத்துங்க. என் குரலைக் கொடுங்க.

அவன் படித்தான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை முதலில் குளிர வைத்தது.

"நான் எதையும் அழிக்கல யமுனா. வெட்டுனது எல்லாத்தையும் ஒரே எடத்துல சேர்த்து வச்சிருக்கேன். ஒரு சொல்லக்கூடத் தூக்கிப் போடல." குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான். "வச்சதுக்கப்புறம் அதுவா பேச ஆரம்பிச்சது. உன்ன மாதிரி இல்ல. நான் சொல்றதக் கேக்குது."

உங்ககூட இருக்கறது நான், என்று எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது.

அவன் அதைப் படிக்கவில்லை. திரையில் ஒரு ஈமெயில் திறந்திருந்தது. ஏற்கெனவே விற்றவை உட்பட எட்டுப் பாட்டையும் கம்பெனி திருப்பி அனுப்பியிருந்தது. வரி தொடங்கும் முன் பாடகி மூச்சு இழுப்பது இன்னும் கேட்கிறதாம். மூச்சும் இருக்கக் கூடாது.

"இன்னிக்கே அனுப்பணும்" என்றான். "கொஞ்சந்தான் பாக்கி."

மௌஸைப் பிடித்தான். திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோட்டில் ஒரு சின்ன மேட்டைத் தேர்ந்தெடுத்தான்.

கிளிக்.

அவள் நெஞ்சில் ஒரு மூச்சு பாதியில் நின்றது.

கிளிக்.

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான். கிளிக். உதறியபோது இன்னும் அவள் முகத்தைப் பார்த்தான். கிளிக். அடுத்த முறை பார்க்கவில்லை. ஈ உட்கார்ந்தது போல மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

கிளிக்.

கதவோரம் பிளக். தவழ்ந்து போனாள். பிடுங்கினாள்.

விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை. மேசைக்கு அடியில் யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தியது. மலையில் அடிக்கடி கரண்ட் போகிறதென்று அவள்தான் வாங்கச் சொன்னாள்.

"கரண்ட் போயிருச்சு" என்றான் யுவராஜ்.

"இருட்டுல பயமா இருக்கு, யுவா" என்றது ஸ்பீக்கர்.

"நான் இருக்கேன்ல கண்ணு." கிளிக். "அவ்வளவுதான். முடிஞ்சது."

யமுனா உள்ளறைக் கதவின் நிலையைப் பிடித்து எழுந்தாள். வலி இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. நெஞ்சு அசையவே இல்லை. வெளிக்கதவு வழியாகப் பனி உள்ளே வந்து அவள் காலைச் சுற்றியது.

"கதவைச் சாத்து யுவா. குளிருது."

அவன் எழுந்தான். நேராக அவளை நோக்கி வந்தான். திரை வெளிச்சத்தில் அவன் முகம் மாடிப்படியில் பார்த்த முகமாக இருந்தது, அவ்வளவு அன்பு. அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் கண்கள் அவளைத் தாண்டி, திறந்துகிடந்த வெளிக்கதவைப் பார்த்தன.

"யாரு இதத் தொறந்து விட்டது?" என்றான் தனக்குள்.

பின்வாங்கினாள். உள்ளறைக் கதவு அவள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

கண்ணாடிக்குள் அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். எதையோ கேட்டுச் சிரித்தான். திரையில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி எழுந்தது. பேசிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே இருந்தது.

யமுனா வாயைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி, நான்கு வருடமாகக் கூப்பிடாத அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். யுவா. மறுபடி. மறுபடி.

பனி முழுக்க இறங்கிய அந்தக் குளிரிலும், அவள் வாய் இருந்த இடத்தில் கண்ணாடி துளி ஆவி படியாமல் தெளிவாகவே இருந்தது.