நல்ல பிள்ளைகளின் காலம்

தன்ஷிகாவுக்கு அறுபத்தேழு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஈரோட்டில் அவளைப் போல நல்ல பிள்ளை கிடையாது என்று பேர்.

அவள் தெருவில் நடந்தால் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுவார்கள். "அப்பனுக்காக அந்தப் புள்ள எப்பிடி இருக்குது பாரு. நீயும் இருக்கறயே" என்பார்கள். அப்படித் திட்டு வாங்குகிற பிள்ளைக்கு வேலை இருக்கும், வீடு இருக்கும், குடும்பம் ஒழுங்காக நடக்கும். அதுதான் அவன் செய்த குற்றம்.

இந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் தன்ஷிகாவின் அப்பா சென்னியப்பனுக்கு வயிறு எரியும். அவருக்கு நூற்று மூன்று வயது. ஆனால் பார்த்தால் அறுபதைத் தாண்டியவர் போலத்தான் இருப்பார். உயிர்நீட்டி ஊசியை முதலில் போட்டுக்கொண்ட அன்றைக்கு இருந்த உடம்பு அப்படியே நின்றுவிட்டது. மகள் உடம்பு நிற்கவில்லை. அவளுக்கு முட்டி வலி, கண்ணில் புரை, தலை முழுக்க நரை. இரண்டு பேரும் சேர்ந்து போனால் புது ஆட்கள், "இவங்க உங்க அக்காங்ளா?" என்று அவரைக் கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள். அவர் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

உயிர்நீட்டி வந்து நாற்பது வருஷமாகிறது. மாதம் ஒரு ஊசி. உடம்பின் தேய்மானத்தை அது அவ்வப்போது பழுதுபார்த்துவிடும். ஆனால் மருந்து தனியாக வேலை செய்யவில்லை, அதற்கு ஒரு துணை தேவைப்பட்டது. இன்னொரு உயிருக்காக நெடுநாள் கவலைப்படுகிறவர்களுக்கு மூளையின் அடியில் ஒரு நீர் சொட்டுச் சொட்டாகச் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்திருந்தால்தான் ஊசி பிடிக்கும். கோபத்தில் அது சுரப்பதில்லை, பயத்திலும் சுரப்பதில்லை. தன் உடம்பைப் பற்றிய கவலையில் ஒரு சொட்டுக்கூட வராது. பிள்ளைகள் பெற்றவர்களுக்காகப் படுகிற கவலையையும் அளந்து பார்த்தார்கள். கணக்கில் சேராத அளவுதான் இருந்தது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததை விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கண்டுபிடித்தார்கள் என்று அப்போது ஒரு கேலி உலவியது.

அளப்பதற்குக் கவலைமானி வந்தது. விரலில் மோதிரம் போல மாட்டினால் சுருக்கென்று ஒரு குத்து, கண்ணாடியில் ஓர் எண். பத்துக்குக் கீழே இறங்கினால் ஊசியால் பயனில்லை. சென்னியப்பனுக்கு எப்போதும் நாற்பதுக்குக் குறையாது.

அதற்கப்புறம் ஊர் மாறிவிட்டது. எதிர்வீட்டு மூர்த்தி முப்பது வருஷமாக வீட்டைத் தளம் போடாமல் செங்கல்லோடு நிறுத்தி வைத்திருக்கிறான். அவன் அம்மா தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு நன்றாக இருக்கிறாள். குடியே பிடிக்காத ஒருவன் சாயங்காலமானால் மதுக்கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான், அப்பா பார்க்கிற மாதிரி. பொய்யாக நடிப்பதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும், பெற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். கடைசிவரை குறையாத கவலை ஒன்றுதான் என்று ஊர் முடிவு கட்டியது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாத கவலை.

பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டால் பெற்றவருக்கு ஊசி நிறுத்தப்படும். அதற்கு நிறைவு என்று பேர். கல்யாணத்துக்கு மறுநாள் ஊசி போடுகிற ஆயுள் நிலையத்தில் சந்தன மாலை போட்டுப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சில வாரங்களில் தூக்கம் கூடிக்கொண்டே போய் அப்படியே அடங்கிவிடும். கடமை முடிந்தது, கவலை தீர்ந்தது, இனி ஊசி பிடிக்காது. இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருத்துவர்களும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே. புதிதாக வருகிறவர்களையும் வாசலிலேயே, "புள்ளைங்களுக்கெல்லாம் முடிஞ்சுதுங்ளா?" என்று கேட்பார்கள். முடிந்தது என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

தன்ஷிகாவுக்கு இருபத்தேழு வயதில் தாராபுரத்தில் ஓர் இடம் கூடி வந்தது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சென்னியப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், "எம்புள்ளையக் கரையேத்திட்டா எனக்கு ஒரு கவலையும் இல்லீங். நிம்மதியாக் கண்ண மூடிருவேன்." அவள் அதை அடுக்களையில் நின்று கேட்டாள். அம்மாவைப் பறிகொடுத்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஊசி வந்த செய்தியும், கவலை இருந்தால்தான் அது பிடிக்கும் என்ற செய்தியும் அந்த வாரமே வந்தன. நிச்சயத்தை அவளே போன் பண்ணி நிறுத்தினாள்.

முதல் சில வருஷம் அவர் சத்தம் போட்டார், சாமியாடினார், சொந்தக்காரர்களை விட்டுப் பேசச் சொன்னார். அவளும், "பாக்கலாங்ப்பா, எனக்கு இப்ப இஷ்டமில்லீங்" என்றே சொல்லி வந்தாள். காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. இதில் சொல்ல வேண்டிய அசிங்கம் ஒன்று உண்டு. மகள் வாழாமல் கிடக்கிறாளே என்று புலம்பியபடியே அவர் மாதாமாதம் போய் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். சாக அவருக்கும் ஆசையில்லை. அவள் தனக்காகத்தான் நிற்கிறாள் என்ற வேதனை எண்ணை இன்னும் கொஞ்சம் ஏற்றியது, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் அவள் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். அவளுக்கு ஊசி கிடையாது. கவலைப்பட அவளுக்குப் பிள்ளை இல்லையே. அன்றைக்குத்தான் சென்னியப்பனுக்கு உறைத்தது. இவள் எனக்கு முன்னால் போய்விடுவாள், தனியாளாகவே போய்விடுவாள், கொள்ளி வைக்க நான் குத்துக்கல்லாட்டம் இருப்பேன்.

பிரணவ் என்று ஒருவர் இருந்தார். அவளோடு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர், வயது எழுபது. அவரும் நல்ல பிள்ளைதான். அவருடைய அம்மா நூற்றுப்பத்து வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து போய்விட்டாள். வழுக்கி விழுவதற்கு உயிர்நீட்டியில் மருந்தில்லை. துக்கம் விசாரிக்கப் போன தன்ஷிகா அப்புறம் அடிக்கடி போனாள். ஒருநாள் போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவள் எதற்கோ சிரித்தாள். சென்னியப்பன் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டார். தாராபுரத்துப் பையன் பேசின காலத்துச் சிரிப்பு அது. அவருக்கு அழுகை வந்தது.

அடுத்த ஊசி நாளில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பவில்லை.

"நேரமாச்சுங்ப்பா" என்றாள் தன்ஷிகா.

"நா வரல அம்மணி."

"ஏனுங்ப்பா, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. இனி ஊசி வேண்டாம். வாத்தியாரக் கட்டிக்க."

அவள் பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பேச்செல்லாம் எதுக்குங் இப்ப? எந்திரிங்க."

"நீ என்னயத் தூக்கீட்டுப் போனாலும் நா கையக் குடுக்க மாட்டேன். ஊசியில்லாம நா எப்பிடியும் போயிருவேன். உன்னயத் தனியா உட்டுட்டுப் போறதா, ஒருத்தர் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போறதா, நீயே சொல்லு."

"நாங் கல்யாணம் பண்ணிக்கிட்டா அது உங்களக் கொல்றதுங்ப்பா."

"ஆறிலயும் சாவு, நூறுலயும் சாவு. எனக்கு நூறும் தாண்டியாச்சு. இந்தத் தைரியம் எனக்கு நாப்பது வருசம் முந்தியே வந்திருக்கோணும். வரல."

அவள் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவர் கையைக் கொடுக்கவில்லை. கடைசியில் பிரணவைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சென்னிமலைக் கோயிலில் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தை நடத்தி வைக்க அருமைக்காரர் வேண்டும். பிள்ளை குட்டி பெற்று, பிள்ளையின் கல்யாணத்தையொட்டிச் சீர் செய்துகொண்ட பெரியவர் அவர். தேடிப் பார்த்தால் ஜில்லாவிலேயே ஆள் இல்லை. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்த பெரியவர்கள் எல்லாருக்கும் எப்போதோ நிறைவு ஆகிவிட்டது. மிஞ்சியிருந்த ஒருவரைக் காங்கயத்திலிருந்து கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சடங்கில் பாதி அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆனாலும் தாலி ஏறியது. சென்னியப்பன் இரண்டு கையாலும் அட்சதை போட்டார். நெஞ்சு லேசாகிவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார், அதை முழுசாக நம்பியும்தான் சொன்னார்.

பந்தியில் மாப்பிள்ளை இருமினார். நல்ல இருமல் இல்லை. இந்த ஆள் இன்னும் எத்தனை நாளைக்கு என்று சென்னியப்பன் நினைத்தார். முந்திக்கொண்டு போய்விட்டால் இவள் கதி என்ன? இவளுக்கு உப்பு ஆகாது, அது அவருக்குத் தெரியுமா? மறுநாள் காலையில் மகள் கண் சிவந்து வெளியே வந்தபோது, அழுதாளா, மாப்பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டாரா என்று தோன்றியது. பழக்கதோஷம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவர் தன்னையே அதட்டிக்கொண்டார்.

ஆயுள் நிலையத்துக்கு மூன்று பேரும் போனார்கள். வழியெல்லாம் தன்ஷிகா, "நாந்தான் உங்களக் கொல்றேன், நாந்தான் கொல்றேன்" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கே நர்ஸ் பொன்னாத்தா சந்தன மாலையோடு நின்றிருந்தாள். முப்பது வயதுப் பெண். இந்தப் பழைய பேர்கள்தான் இப்போது நாகரிகம்.

"குடுத்து வெச்சவருங்க நீங்க" என்று மாலையை எடுத்தாள்.

"இரு அம்மணி" என்றார் சென்னியப்பன். "அதுக்கு முந்தி ஒருக்கா அதக் குத்திப் பாரு. நா எவ்வளவு லேசாயிட்டேன்னு எம்புள்ள கண்ணாலப் பாக்கட்டும். அப்பத்தான் அழுகைய நிறுத்தும்."

"கண்ணாலம் முடிஞ்சவங்களுக்கு நாங்க குத்தறதில்லீங்க. தேவையே இல்லீங்களே."

"ஒரு ஆசைக்குத்தான்."

பொன்னாத்தா சிரித்துக்கொண்டே கவலைமானியை அவர் விரலில் மாட்டினாள். சுருக்கென்று குத்தியது. எண் வந்தது.

அறுபத்தெட்டு.

அவள் அதைக் கழற்றி, துடைத்து, வேறு விரலில் மாட்டினாள். அறுபத்தெட்டு. உள்ளே போய் இன்னொரு கருவியைக் கொண்டுவந்தாள். அதுவும் அதையே சொன்னது. போன தடவை அவருக்கு நாற்பத்தொன்று.

பொன்னாத்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். இவர்களிடம் சொல்வது மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது. "எங்கம்மாவுக்குப் போன தை மாசம் நாந்தானுங்க மாலை போட்டேன். தம்பி கண்ணாலத்துக்கு மறுநாளு. குத்திப் பாக்கலீங்க." மாலை இன்னும் அவள் கையில் இருந்தது.

தன்ஷிகா எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. பிரணவ் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப, நா அன்னைக்கே பண்ணியிருந்தாலும் நீங்க இருந்திருப்பீங்க" என்றாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாது சாமி. சத்தியமாத் தெரியாது."

"கவலை தீந்துரும்னு நீங்கதானுங்ப்பா சொன்னீங்க."

அவர் சொன்னதுதான். அவர் அப்பாவும் சொன்னார், ஊரே சொன்னது. பெண்ணைப் பெற்றவன் எல்லாரும் சொல்கிற பேச்சு. சொல்கிறவன் யாரும் அளந்து பார்த்துச் சொன்னதில்லை, அளக்கக் கருவி வந்த பிறகும் அளக்கவில்லை. அந்த ஒரு பேச்சை நம்பி அவள் ஒரு புருஷனையும், பிறக்காத பிள்ளைகளையும், கறுத்த தலைமுடியையும் கொடுத்திருந்தாள். சென்னியப்பன் மாலைக்குத் தலையைக் குனிந்தார்.

"மாலையப் போட்டு உட்டுரு அம்மணி" என்றார் நர்ஸிடம். "நாம் போறேன்."

"ஊசியப் போடுங்க" என்றாள் தன்ஷிகா.

பொன்னாத்தா அவளைப் பார்த்தாள்.

"நல்லாப் புடிக்குமல்லோ? அப்பறமென்ன. போடுங்க." அவளே வந்து அப்பாவின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். மூட்டு வீங்கிய அந்தக் கையில் இவ்வளவு பிடி இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இந்தத் தடவை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு இழுப்பார்?

பாசத்தில் சொல்கிறாளா, இருந்து அனுபவி என்று சொல்கிறாளா? அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பேசுவாளா, சாப்பிடுவாளா, இந்த இதயத்தை வைத்துக்கொண்டு இதை எப்படித் தாங்குவாள் என்று நினைத்தார். கழற்ற மறந்த கவலைமானி இன்னும் அவர் விரலில் இருந்தது. எண் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஊசி நன்றாகப் பிடித்தது.