பயிற்சி பெற்ற முப்பத்திரண்டு பேர்

வாரத்தின் முதல் நாள் காலை வருகைப்பதிவேட்டில் கையெழுத்திட்டதும், செவ்வாய்க் கோளின் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவர் ஒருவரின் மிகக் கொடிய ஏழு நிமிடங்களை வாழ்ந்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கென நினைவேற்றி என்ற பட்டை இருந்தது. பெற்றோர் சம்மதத்துடன் பதிவு செய்த குழந்தையின் நினைவை, பட்டை அணிந்தவர் மூளைக்குள் அது பாய்ச்சும். மனம் அடிபட்ட பிள்ளை ஏன் முரண்டு பிடிக்கிறது என்று ஆசிரியருக்குப் புரிய வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் ஒரு தவறும் இல்லை.

காற்றடைத்த குடியிருப்புகளில் ஒன்றான மூன்றாம் குமிழியின் நடுநிலைப் பள்ளியில் முதல் வாரம் இரண்டு பேர்தான் துணிந்து பட்டையை அணிந்தார்கள். ஒருவர் வாந்தியெடுத்தார். இன்னொருவர் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வாரம் தலைமையாசிரியர் பரிபூரணம் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“நம்ம ஏவலன் சும்மாதான நிக்கான்? அவன் தலையில மாட்டி விடுங்க. பதிவுல டீச்சர் நம்பர மட்டும் அவங்கவங்க நம்பரா அடிச்சிருங்க.”

ஏவலன், மணியடித்துத் தேநீர் கொண்டுவரும் எந்திர ஊழியன். மனித மூளையைப் பார்த்துச் செய்த மூளை. பட்டை கச்சிதமாகப் பொருந்தியது. ஆண்டு முழுவதும் முப்பத்திரண்டு ஆசிரியர்களுக்காகவும் அது ஒன்றே உட்கார்ந்து நடுங்கியது. ஆண்டு முடிவில் எல்லோருக்கும் ‘மனக்காயம் அறிந்த ஆசிரியர்’ என்ற சான்றிதழ் வந்தது. குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது ஏவலன்.

ஏழாம் வகுப்பு அரும்புவின் விவகாரம் அதற்கடுத்த மாதம் முற்றியது. இரண்டு வருடம் முன்பு அவள் வீட்டுச் சுவரில் காற்று கசிந்தபோது, அம்மா அவளை நடைவழிக்குத் தள்ளினாள். தானியங்கிக் கதவு மூடிக்கொண்டது. அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள். அன்று முதல் வகுப்புக் கதவு மூடும்போதெல்லாம் அரும்பு ஓடிப்போய் இடையில் காலை வைப்பாள்.

“காலை எடுடி. எத்தன தடவ சொல்றது?” என்பார் வகுப்பாசிரியை லூர்துமேரி.

“சாத்தாதீங்க டீச்சர்.”

“உனக்காக நாங்க எல்லாரும் காத்தில்லாம சாகணுமோ?”

ஒழுங்குப் பதிவேட்டில் அவள் பெயரைப் பதினேழு முறை எழுதி வைத்தார்கள். பிறகு அவளைக் கோளின் மறுபக்கத்து ஒழுங்குக் குமிழிக்கு அனுப்பலாமா என்று எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் விசாரணை. அங்கே போனால் அப்பா வருடத்துக்கு ஒரு நாள்தான் பார்க்கலாம். பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் அந்த அப்பா, சுடலைமுத்து, சுவரோரம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

தேநீர்த் தட்டுடன் வந்த ஏவலன் நடுவில் நின்றுவிட்டது.

“அவ அடம் பிடிக்கல சார். கதவு மூடினா உள்ள அம்மா இருக்காங்க.”

“டீய வச்சிட்டுப் போடே!” என்றார் பரிபூரணம்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய வச்சாங்க. நானும் இந்தப் பக்கம் வச்சேன். சூடா இருந்திச்சி. அப்புறம் இல்ல.”

சுடலைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார். விசாரணை அலுவலர் நிமிர்ந்தார். “இதுக்கு எப்படித் தெரியும்?”

முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும், எப்படி என்று. ஒருவர் பேனா மூடியைத் திருகினார். ஒருவர் கூரையைப் பார்த்தார். லூர்துமேரி வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் ஒரு குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும்; முப்பத்திரண்டு சான்றிதழ்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

“அதுக்குக் கொஞ்ச நாளாவே கழண்டு கெடக்கு சார்,” என்றார்.

மறுநாள் ஆணை வந்தது. மாணவி அரும்புக்கு மனக்காயம் ஏதுமில்லை, வெறும் பிடிவாதமே என்று பயிற்சி பெற்ற முப்பத்திரண்டு ஆசிரியர்கள் ஒருமித்துக் கருதுவதால், அவள் உடனே அனுப்பப்பட வேண்டும். உரிய பயிற்சிச் சான்றிதழ் இல்லாத எந்திரத்தின் கூற்று ஏற்கத்தக்கதல்ல. அதன் நினைவு அழிக்கப்பட வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. ஊர்தியின் கதவு மூடும்போது அரும்புவின் கால்களை இரண்டு காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்தின் முதல் நாள் பட்டை மேசையில் கிடந்தது. நினைவு அழித்த ஏவலன் எதற்கும் உதவவில்லை; புது எந்திரன் வர ஆறு மாதமாகும்.

“இனி யாரை உக்கார வைக்க?” என்றார் லூர்துமேரி.

பரிபூரணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறாம் கிளாஸ்ல ரெண்டு பிள்ளைகள வரச் சொல்லுங்க. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளைகளா பாத்து.”