வளையம் விழாத மாப்பிள்ளை

மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. குழலியின் முகம் கறுத்தபாடில்லை.

"சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் நிக்கறே," என்று கருக்களிம்பை மூன்றாவது முறையாக அப்பினாள் அம்மா ரோஷினி.

"நான் கண் டாக்டர்மா. நோயாளிங்க யாரும் என் நிறத்தைப் பார்த்து வரல."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாது. வர்றவங்களுக்குத் தெரியுமே."

வானத்தின் காப்புப் படலம் நைந்து மூன்று தலைமுறை ஆகிறது. கீழ்த்திருச்சி முழுக்கத் தரைக்கு அடியில் இருந்தது. விளக்கொளியில் வளர்ந்த ஜனங்கள் முள்ளங்கி நிறத்தில் இருந்தார்கள். வசதியானவர்கள் மட்டும் மேலே கதிர்மாடத்துக்குப் போய் வெயில் காய்ந்தார்கள். ஆகவே கறுப்பு என்றால் அந்தஸ்து.

கதிர்மாடத்தில் தோலுக்குப் பூச்சும் கண்ணுக்கு விழிமூடியும் கட்டாயம். ஆனால் பூச்சு பூசினால் தோல் கறுக்காது. விழிமூடி போட்டால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். ஊரே 'ஆந்தை' என்று சிரிக்கும். கண்ணைச் சுருக்கினால்கூட மடிப்பில் வெள்ளைக் கோடு நிற்குமாம். அதற்காகச் சூரியனையே அகலக் கண் விரித்துப் பார்த்தபடி படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. குழலியின் ஆஸ்பத்திரி அவர்களால்தான் நடந்தது.

மாப்பிள்ளை பரிதி வந்து உட்கார்ந்ததுமே ரோஷினி உருகிப் போனாள். கருங்காலிக் கட்டை மாதிரி நிறம். ஒரு வளையம் இல்லை, ஒரு கோடு இல்லை.

பணியந்திரம் பஜ்ஜித் தட்டோடு உருண்டு வந்தது. பின்னாலேயே வந்து நமஸ்காரம் செய்த குழலியைப் பார்க்காமல், பரிதி அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தான்.

"கூச்ச சுபாவம். பொண்ணுங்களை நேரா பார்க்க மாட்டான்," என்றாள் அவன் அம்மா மிருதுளா. பிறகு குழலியின் கழுத்தை உற்றுப் பார்த்தாள். "களிம்பு இதோட நின்னுபோச்சே. பரவால்ல, கல்யாணத்துக்கு முன்னால ஒரு மாசம் கதிர்மாடத்துல படுக்கட்டும். விழிமூடி மட்டும் வேண்டாம். போட்டோல ஆந்தையாட்டம் இருக்கும்."

"அதுக்கென்ன, படுத்துடுவா," என்றாள் ரோஷினி.

குழலி அம்மாவை முறைத்தாள். கண்ணுக்குள் கத்தி வைக்கிறவளுக்குத் தன் கண் போனால் என்ன மிஞ்சும்? அப்பா ரக்ஷன் பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

குழலி காபியை நீட்டினாள். பரிதி தலையைச் சாய்த்துக் கை நீட்டினான். கை டம்ளரைத் தாண்டிப் போனது.

குழலி டம்ளரைக் கீழே வைத்தாள். மேஜை விளக்கை இழுத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"நேரா பாருங்க. என் மூக்கு தெரியுதா?"

பரிதி தன் அம்மா பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இல்லைங்க. ஓரமெல்லாம் தெரியுது. நடுவுல ஒரு இருட்டுப் பொட்டு."

"கலர்?"

"எல்லாம் சாம்பல்தான்."

"விழித்திரை நடுவுல வெந்து போயிருக்கு. கண் வில்லையை மாத்தலாம், விழித்திரையை மாத்த இன்னும் யாருக்கும் தெரியாது. இதைத்தான் என்னையும் பண்ணிக்கச் சொல்றாங்க உங்க அம்மா."

மிருதுளா காபி டம்ளரை எடுத்து மகன் கையில் வைத்தாள்.

ரக்ஷன் தொண்டையைச் செருமினார். "அப்ப நிறப் பேச்சை இதோட விட்டுடலாமே, சம்பந்தி. மாப்பிள்ளைக்கே தெரியாத நிறத்துக்கு எங்க பொண்ணு ஏன் வெயில்ல வேகணும்?"

மிருதுளாவே தலையாட்டினாள். குழலிக்கு உயிர் வந்தது. மறைக்காமல் சொன்னானே என்று பரிதியின் மேல் லேசான பிரியம்கூடத் தட்டியது.

பரிதி தன் அம்மாவின் காதருகே குனிந்தான். அவன் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு பேசியது கூடம் முழுக்கக் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. பொண்ணு நல்ல கறுப்புதானே?"