இன்னும் ஒரு ஆள்தான்

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வழக்கமான இடம்தான். மழைக்கு முந்தைய புழுக்கம், பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ப் புகை, பஸ் வருமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம். செல்வகுமார் எனக்கு முன்பே வந்து கத்திக்கொண்டிருந்தான்.

“விழுப்புரம், விழுப்புரம். இன்னும் ஒரு ஆளுதான். ஏறினா கெளம்பறதுதான்.”

வண்டியில் என்னைத் தவிர யாருமே இல்லை.

என் பெயர் முஜிபுர் ரஹ்மான். சொந்த ஊர் கோட்டக்குப்பம். சவுதியில், தம்மாமில் பதினாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வந்து, இந்த ஏழு சீட்டு வண்டியைப் பழசாக வாங்கினேன். வெள்ளை நம்பர் பிளேட். வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான், ஆள் ஏற்றிக் காசு வாங்கக் கூடாது. மஞ்சள் பிளேட்டுக்கு மாற்றப் போனால் பர்மிட், எஃப்.சி., பேட்ஜ் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். சோம்பல் பாதி, பயம் பாதி.

காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். அதனால் ஆள் பிடிக்கிற செல்வகுமார், முன்சீட்டில் உட்காருவதற்கென்றே ஒருவரை வைத்திருந்தான். பெயர் சீனுவாசன். அறுபதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் பழைய பேப்பர் அடைத்த ரெக்சின் பை, ஓடாத கைக்கடிகாரம். பார்க்கிறவர்களுக்கு அவசர வேலையாக விழுப்புரம் போகிற மனுஷன். அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்.

“நேரமாவுது பாய், எடு.”

அதை நம்பி ஆட்கள் ஏறுவார்கள். வண்டி நிறைந்ததும் செல்வகுமார் கூரையில் இரண்டு தட்டு தட்டுவான். நூறு அடி போனதும் சீனுவாசன், “அடடா, போனை மறந்துட்டேன், எறக்கி விடு பாய்” என்பார். அவருக்குப் போனே கிடையாது. இறங்கி நடந்து வந்து அடுத்த வண்டியில் உட்கார்ந்துகொள்வார். 

முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் என் வண்டி டிங், டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். “நூறு அடிக்கு எதுக்கு பாய் பெல்ட்டு” என்பார். “தெனம் பதினஞ்சு தடவை விழுப்புரம் கெளம்பறேன். ஒரு தடவையாவது போய்ச் சேந்திருக்கேனா? ஒரு நாளு கூட்டிக்கினு போயேன்.” அடுத்த வாரம் போகலாம் என்பேன். மூட்டு வலி என்று அவர் முனகியபோது வீட்டிலிருந்து ஒரு கோடாலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தேன். நான் அவருக்குச் செய்தது அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை வண்டி நகர்ந்ததுமே செல்வகுமார் போன் செய்தான். பைபாஸ் முனையில் ஆர்.டி.ஓ. செக்கிங். இடது ஓரம் கட்டினால் அவர்கள் கண்ணில் பட்டுவிடுவேன். சாலை நடுவில் தடுப்பு முடிகிற இடத்தில் திரும்பி ஓடிவிடலாம் என்று அங்கேயே நிறுத்தி, “எறங்குண்ணே, ஜல்தி” என்றேன். அவர் பக்கத்துக் கதவு லாரிகள் வரும் பக்கம் திறந்தது. அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கினார். இறங்கச் சொன்னால் இறங்குகிற மனுஷன் அவர்.

நான் வண்டியைத் திருப்பினேன். கண்ணாடியில் ஒரு லாரியும், காற்றில் பறக்கிற பழைய பேப்பர்களும் தெரிந்தன.

நான் நிறுத்தவில்லை.

“என்னங்க சத்தம்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“டயர் வெடிச்சிருக்கும்” என்றேன்.

சீனுவாசனை விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் ஒரு காவலர் மேம்பாலத்தடியில் போனில் படத்தைக் காட்டி, யாருக்காவது அடையாளம் தெரியுமா என்று கேட்டார். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையாம். எப்படி இருக்கும்? செக்கிங்கில் மாட்டினால் டிரைவருக்கு மாமா என்று சொல்ல வேண்டும், சீனுவாசன் என்று ஆதார் அட்டை இருந்தால் எனக்கு எப்படி மாமா ஆவார்? அட்டை எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது செல்வகுமாரின் சட்டம். அவன் தெரியாது என்றான். நானும் தெரியாது என்றேன். தெரியும் என்றால், எந்த வண்டியிலிருந்து இறங்கினார் என்பது அடுத்த கேள்வி. வண்டி போய்விடும். வண்டி போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை. புதன்கிழமைக்குள் யாரும் வராவிட்டால் அனாதைப் பிணமாகப் புதைத்துவிடுவார்கள் என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று செவ்வாய்க்கிழமை.

கையில் கட்டைப்பையோடு ஒரு பெண் வந்தார். முன்கதவைத் திறந்து, குனிந்தவர், உடனே மூடிவிட்டுப் பின்னால் போய் ஏறினார். அடுத்து ஒரு காலேஜ் பையன். அவனும் முன்கதவைத் திறந்து, “சாரிங்க” என்று மூடினான். மூன்று நாளாக இதே கதைதான். பின்னால் நெருக்கியடித்து உட்காருவார்கள், முன்னால் யாரும் வரமாட்டார்கள். முதல் நாள் கேட்டேன். இரண்டாம் நாள் சண்டை போட்டேன். இன்று அலுத்துப்போய்க் கேட்டேன்.

“தம்பி, முன்னாடி காலியாத்தானே இருக்கு?”

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“அண்ணா, அங்கதான் பெரியவர் ஒக்காந்துக்கினு இருக்காரே.”

நான் பக்கத்தில் பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பினேன்.

டிங்.

டிங்.

ஏசி காற்றில் கோடாலித் தைலத்தின் வாடை வந்தது. முதலில் லேசாக. பிறகு கண் எரிகிற அளவுக்கு.

என் இடது காதுக்கு அருகில், சலித்துப்போன ஒரு குரல்.

“நேரமாவுது பாய்.”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றேன். அப்போதுதான் வயதான வேறொரு அம்மாவைப் பார்த்தேன். பஜ்ஜிக் கடை ஓரமாகச் செல்வகுமாரிடம் ஒரு போட்டோவை நீட்டிக்கொண்டிருந்தார். அவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அவர் நேராக என்னிடம் வந்தார்.

“என் பேரு வேணிங்க. இவரு எங்க வூட்டுக்காரரு. இங்கதான் எங்கியோ டிராவல்ஸ் ஆபீசுல வேலைன்னு சொல்லிக்கினு வருவாரு. வெள்ளிக்கிழமை போனவரு. நாலு நாளா ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்கறேன், யாருக்குமே தெரியலன்றாங்க.”

போட்டோவில் அதே இஸ்திரி சட்டை. அதே கடிகாரம்.

செல்வகுமார் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினான். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான். ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் வண்டி ஓட்டியதில் உடம்பே விட்டுப்போயிருந்தது.

“தெரியும்மா” என்றேன். “எங்க இருக்காருன்னு தெரியும். வாங்க, நான் கூட்டிக்கினு போறேன்.”

ஏறியவர்களை இறக்கிவிட்டேன். செல்வகுமார் ஓடிவந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான்.

“பாய், பைத்தியமா நீ? வண்டி போயிடும்.”

“போவட்டும்” என்றேன்.

வேணியம்மாள் முன்கதவுப் பக்கம் போகவே இல்லை. யாரும் சொல்லாமலே பின்னால் ஏறி, என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை வண்டிக்குள் டிங், டிங் என்பதைத் தவிர வேறு சத்தமில்லை. மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஆடுகிற நேரத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். டயர் வெடித்தது என்று சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த போட்டோவை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோதும் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் கையை நீட்டி, பக்கத்துச் சீட்டு பெல்ட்டை இழுத்தேன். காலி சீட்டுக்குக் குறுக்கே போக வேண்டிய பெல்ட், நடுவில் எதன் மேலோ அழுந்தி வளைந்து வந்தது.

மாட்டினேன். மணி நின்றது.

“இவ்ளோ தூரம் வந்ததே இல்லை அவரு” என்றார் பின்னாலிருந்து வேணியம்மாள். கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண் முன்சீட்டின் மேல்தான் இருந்தது.

பிணவறையில் கடிகாரத்தை வைத்து அடையாளம் சொன்னார். பக்கத்திலேயே காவல் நிலையம். நான் உள்ளதைச் சொன்னேன். வண்டி எண்ணை எழுதினார்கள், சாவியை வாங்கினார்கள். ஓர் இளம் காவலர் வண்டியைப் பின்வளாகத்தில் விடப் போனார். சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே திரும்பி வந்தார், முகத்தில் எரிச்சல்.

“பாய், முன்னாடி இருக்கற பெரியவரை எறங்கச் சொல்லுங்க. நான் சொன்னா, நேரமாவுது எடுன்றாரு.”

மழையில் நனைந்துகொண்டே போனேன். வேணியம்மாளும் கூடவே வந்தார். வண்டிக்குள் இருட்டு, தைல வாடை. முன்சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது. கதவைத் திறந்து குனிந்தேன்.

“அண்ணே, விழுப்புரம் வந்துடுச்சு. எறங்கிக்கோ.”

பெல்ட்டைக் கழற்றினேன். அது மெல்லப் பின்னால் போய்ச் சுருண்டது. கதவைச் சாத்திவிட்டு நாலு அடி நடந்திருப்பேன்.

டிங்.

சாவி காவலர் கையில் இருந்தது.

டிங்.

நான் திரும்பப் போனேன். வேணியம்மாள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“வுட்டுடுப்பா. அவரை எறங்கச் சொல்லாத. நூறு அடிக்கு ஒரு தடவை எறங்கி எறங்கியே செத்தாரு மனுஷன்.”

மழைச் சத்தத்துக்கு நடுவே, மூடிய வண்டிக்குள் பெல்ட் சரசரவென்று இழுபடுவது கேட்டது. பிறகு கிளிக் என்று ஒரு சத்தம்.

மணி நின்றுவிட்டது.