பூசண வார்டில் வராத காய்ச்சல்

பதிவேட்டு அறையின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு கொச்சுத்ரேசியா உள்ளே வந்தபோது அவள் கையில் பதினோரு மாதக் காய்ச்சல் இருந்தது. கட்டம் போட்ட இரண்டு நோட்டுகள். கணவன் தேவசியின் உடல் சூட்டைத் தினமும் காலையும் மாலையும் அளந்து, புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தாள்.

"ரோசிலி சேச்சி, நீங்க டாக்டர் இல்லன்னு தெரியும். டாக்டருங்க நாலு பேரப் பாத்தாச்சு. அதான் இங்க வந்தேன்."

ரோசிலி அந்த மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாக நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைப்பவள். காணாமல் போன கோப்புகளைக் கண்டுபிடிப்பாள். சில சமயம் கோப்பில் இருந்தும் யாரும் பார்க்காததையும் கண்டுபிடிப்பாள். கல்லேற்றுப்பாடம் ஊர்க்காரர்கள் தங்கள் சிக்கல்களை அவளிடம் கொண்டுவர அது போதுமானதாக இருந்தது.

பின்னாலேயே தேவசி வந்தான். ஆறு படி ஏறியதற்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆறு நிமிடம் மூச்சு வாங்கினான். அவனுக்கும் பின்னால், அவர்களை ஆட்டோவில் கொண்டுவந்த பொறிஞ்சு. ஏதாவது மர்மம் என்று காதில் விழுந்தால் பொறிஞ்சுவை ஆட்டோவுக்குத் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது.

"முதல் டாக்டர் சளின்னார்," என்றாள் கொச்சுத்ரேசியா. "ரெண்டாவது டாக்டர் டி.பி.யா இருக்கும்னு டெஸ்ட் பண்ணி, இல்லன்னு மாத்திரை மாத்தினார். மூணாவது டாக்டர், வீட்டுச் சுவத்துப் பூசணந்தான்னார். சுண்ணாம்பு அடிச்சோம். இவர கொழிஞ்ஞாம்பாறைக்கு, இவரு தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினோம். அங்க சுவரு அப்பளமாட்டம் காஞ்சு கிடக்கும். அங்கயும் ரெண்டு வாரமும் காய்ச்சல்!"

"நாலாவது டாக்டர்?"

"ஆஸ்பத்திரியில ஒம்பது நாள் படுக்க வெச்சார். அந்த வார்டு சுவரப் பாக்கணும் சேச்சி, பூசணம் வயல் மாதிரி பச்சப்பசேல்னு."

"நாள் முழுக்க அதுல உருவம் தேடிக்கிட்டே படுத்திருந்தேன்," என்றான் தேவசி. "ஒண்ணு அசல் யானை. தந்தம்கூட இருந்துச்சு."

"ஒரு நாள்கூட காய்ச்சல் வரல. பூசணத்துக்கு நடுவுல சுகமா இருந்தவருக்குக் காஞ்ச வீட்டுல நோவு வந்தா, அது மனசு நோவுன்னு எழுதிட்டார். நாலு மாசம் காத்திருந்து வர்ற வியாழக்கிழமைக்கு நெஞ்சு டாக்டர் ஹசீனாகிட்ட நேரம் கிடைச்சிருக்கு. இந்தச் சீட்டப் படிச்சா அவங்களும் மனசுன்னு சொல்லித் திருப்பிடுவாங்க. இவருக்கோ மூச்சு வாரா வாரம் குறையுது."

ரோசிலி நோட்டைப் புரட்டினாள். பிப்ரவரி, மார்ச்சில் ஏழு வாரம் கோடு ஏறவே இல்லை.

"அது ரெண்டாவது டாக்டரோட மாத்திரை," என்றாள் கொச்சுத்ரேசியா. "அவரே சொன்னார்."

"அது நோன்புக்காலம்!" என்று பொறிஞ்சு துள்ளினான். "அம்பது நாள் இறச்சி இல்ல, கள்ளு இல்ல, ஆட்டம் பாட்டம் இல்ல. குற்றவாளி எருமைக் கறி, போத்திறச்சி, சேச்சி!"

"வார்டுல என்ன சாப்பாடு?"

"தினமும் நானே போத்துக் கறி கொண்டுபோனேன்," என்றாள் கொச்சுத்ரேசியா.

பொறிஞ்சு போத்தை விடுதலை செய்தான். "அப்ப கள்ளு."

"என் வீட்டுல கள்ளு நுழைஞ்சு பத்து வருஷமாச்சுடா."

மறுநாள் ரோசிலி அவர்கள் வீட்டுக்குப் போனாள். சுவர்கள் வெளுப்பாக இருந்தன. கட்டில் தலைமாட்டில், கீவர்கீஸ் புனிதர் படத்துக்குக் கீழே, ஒரு கறுப்புப் பெட்டி. தேவசி அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கித் திறந்தான். அவன் ஊர் பேண்ட் செட்டின் கிளாரினெட்காரன். சிவப்பு வெல்வெட்டில் வாத்தியம் பளபளத்தது. பெட்டியின் மூலையில் துடைக்கும் துணி, கடைக்காரர் கட்டிய நூல்கூட அவிழாமல், மடிப்புக் கலையாமல் இருந்தது.

"துணி புதுசா?"

"ரெண்டு வயசாச்சு, சேச்சி."

"கொழிஞ்ஞாம்பாறையில பொழுது போச்சா?"

"போகாம! மத்தியானச் சோறு ஆனதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் முற்றத்துல வந்து உக்காந்துடும்."

"காய்ச்சல் எத்தனை மணிக்கு ஏறும்?"

"எங்க இருந்தாலும் ஏழு, ஏழரைக்கு," என்றாள் கொச்சுத்ரேசியா. "காலையில எறங்கிடும்."

ரோசிலி பெட்டியைத் தானே மூடினாள். "ஞாயிறு பூசை முடிஞ்சதும் எல்லாரும் இங்க இருங்க. அச்சனையும் கூப்பிடணும். அதுவரைக்கும் யாரும் இதைத் திறக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பங்குத் தந்தையான அச்சன் வந்து உட்கார்ந்தார். ரோசிலி முகத்தில் இரட்டை முகக்கவசம். தேவசியை வாசல் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டாள்.

"என்னோட விசாரணைக்கு என்னையே வெளிய நிறுத்தறாங்களே," என்று அங்கிருந்து கேட்டான் தேவசி.

"நாலு டாக்டரும் இவர் எங்க படுத்தாருன்னு பாத்தாங்க," என்றாள் ரோசிலி. "கூட என்ன போச்சுன்னு பாக்கல. காஞ்ச வீட்டுக்கு ஒரு பொருள் கூடப் போச்சு. பூசண வார்டுக்குப் போகல. பிள்ளைங்க மத்தியானம் முற்றத்துல எதுக்கு வந்து உக்காருவாங்க? தேவசியோட மூஞ்சியப் பாக்கவா?"

"கிளாரினெட்!" என்றான் பொறிஞ்சு. "வார்டுல ஊத விடமாட்டாங்க!"

"அச்சோ, நோன்புல பேண்ட் உண்டா?" என்று ரோசிலி அச்சன் பக்கம் திரும்பினாள்.

"ஈஸ்டர் வரைக்கும் வாத்தியத்தைத் தொடக்கூடாதுன்னு அவங்களே வெச்ச வழக்கம்," என்றார் அச்சன்.

"அதான் அந்த ஏழு வாரம். மாத்திரையும் இல்ல, போத்தும் இல்ல. ரெண்டு மணிக்கு ஊதுவார், ஏழு மணிக்குக் காய்ச்சல். மூஞ்சிய மூடிக்கிட்டு எல்லாரும் தள்ளி நில்லுங்க."

அவள் புதுத் துணியின் நூலை அவிழ்த்து, ஒரு முனையை வாத்தியத்துக்குள் விட்டு மறுமுனையில் மெல்ல இழுத்தாள். வெள்ளையாக உள்ளே போன துணி, கரும்பச்சையாக வெளியே வந்தது.

"ஈசோயே, என் ஏசுவே!" என்று கொச்சுத்ரேசியா நெஞ்சில் கைவைத்தாள். "என் சுவருக்கு மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சேனே!"

"நம்ம உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க," என்றாள் ரோசிலி, துணியை ஒரு பைக்குள் போட்டு இறுகக் கட்டியபடி. "தினமும் இந்தப் பூசணப் பொடியை நெஞ்சுக்குள்ள இழுத்தா, அவங்க திருடன் வந்துட்டான்னு நெனச்சுக் கலவரம் பண்ணி, நம்ம வீட்டுச் சாமானையே உடைச்சிடுவாங்க. இது என் ஊகம். டாக்டர்தான் உறுதி பண்ணணும். ஆனா ஒண்ணு புரியல. பேண்ட்ல மத்த பதினாறு பேரும் வாசிச்சு முடிச்சதும் துடைக்கறாங்க. தேவசி, நீ மட்டும் ஏன் துடைக்கல?"

தேவசி கேட்டுக் கம்பியை நகத்தால் சுரண்டினான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால பெருநாளுக்கு அச்சன் எல்லார் வாத்தியத்து மேலயும் புனித நீர் தெளிச்சார். அந்த வருஷந்தான் போட்டியில எங்களுக்கு முதல் பரிசு. அப்படி நான் வாழ்க்கையில வாசிச்சதில்ல. துடைச்சா போயிடுமோன்னு... அப்படியே மூடி வெச்சேன்."

எல்லாரும் அச்சனைப் பார்த்தார்கள்.

"அப்ப குற்றவாளி நானா?" என்றார் அவர்.

"நீங்க தெளிச்சது ரெண்டு சொட்டு, அச்சோ. மீதி ரெண்டு வருஷ எச்சில் இவரோடது."

"எடா தேவசி," என்று அச்சன் கேட்டை நோக்கிக் குரல் கொடுத்தார். "நான் ஆசீர்வதிச்சது உன்னை. பூசணத்தை இல்ல."

தேவசி சிரிக்கத் தொடங்கி, இருமி, கேட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தான்.

வியாழக்கிழமை டாக்டர் ஹசீனா அவர்களுக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார். முதல் நிமிடத்தில் நாலாவது டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். கொச்சுத்ரேசியா நோட்டை விரித்து வைத்தாள். ரோசிலி சொல்லிக்கொடுத்தபடி அதில் கிளாரினெட் வாசித்த நாட்களைச் சிவப்பால் வட்டமிட்டிருந்தாள். பக்கத்தில் கட்டிய பை. டாக்டர் சிவப்பு வட்டங்களையும் அவற்றின் பின்னால் ஏறும் கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பேனாவைத் திரும்பத் திறந்தார். அவர்கள் வெளியே வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள்.

ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஸ்கேனும் ரோசிலியின் ஊகத்தை உறுதி செய்தன. நுரையீரல் தழும்பாகிப் போவதற்குள் வந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். மாத்திரை, ஓய்வு, அந்த வாத்தியத்துக்குத் தடை. "மனசு நோவு" என்ற வரியை அவரே கையால் அடித்துக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலை ரோசிலி தன் அலமாரியில் தேவசியின் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

ஜனவரிப் பெருநாளுக்கு தேவசி ஒரு படியில்கூட நிற்காமல் தேவாலய மேடை ஏறினான், கையில் ஜால்ராவோடு. அச்சன் வழக்கம்போல் மந்திரம் சொல்லி வாத்தியங்கள் மேல் புனித நீர் தெளித்தார். கடைசிச் சொட்டு விழுவதற்குள் பதினேழு துண்டுகள் ஒரே நேரத்தில் தோளிலிருந்து இறங்கின.

அச்சன் கையை ஓங்கியபடியே நின்றார்.

"ஆமென் சொல்லி முடிக்கற வரைக்குமாவது பொறுங்கடா!"

"நீங்க சொல்லுங்க அச்சோ," என்றான் தேவசி, ஜால்ராவை அழுத்தித் துடைத்துக்கொண்டே. "நாங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்."