களத்தில் கூப்பிட்ட பெயர்

செல்வராசாவின் பகிடிக்குச் சனம் சிரித்து ஓய்ந்த பிறகு, ஒருவர் மட்டும் தனியாகச் சிரித்தார். சிரிப்பு நெற்குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தது. தன் பகிடிகள் சிலருக்குப் பிந்தித்தான் விளங்கும் என்பது அவனுக்குத் தெரியும். கலியாணத்தன்று சொன்ன பகிடி மனைவி சுமித்திராவுக்கு இன்னும் விளங்கவில்லை. ஆகவே அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வட்டக்கச்சியில் காலபோக அறுவடை முடிய, ஆண்டுதோறும் நடக்கும் நெல் விழா அது. அறிவிப்பாளன் அவன்தான், அவ்வளவு நேரம் வெட்கமில்லாமல் கதைக்க வேறு எவராலும் முடியாது. இந்த முறை மைதானத்தின் நடுவே பழைய மாதிரி ஒரு களம் போட்டு, மாடுகளை விட்டு நெற்கதிரைச் சூடு மிதித்தார்கள். பொழுது சாயச் சாய வைக்கோல் தூசும் சாணமும் கச்சான் கடலை வறுக்கும் புகையும் ஒன்றாகிச் சனத்தின் முகங்களை மூட, மாட்டுக் குளம்புகளின் ஓசை மட்டும் நிலத்துக்கடியில் யாரோ நடப்பது போல அவன் உள்ளங்காலில் கேட்டுக்கொண்டிருந்தது.

களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள் என்று ஒலிவாங்கியில் விளக்கியிருந்தான். ஆட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் பொலியைத் தூக்கிப் போக வரும் பூதம் முந்திக்கொண்டு 'ஓம்' என்று பதில் கொடுக்கும். முந்தினவருக்கே பெயர் சொந்தம். பூதத்துக்கு அடையாள அட்டை எடுக்கிற அலைச்சல் மிச்சம் என்று முடித்தான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. களத்தில் மாடு சாய்த்து நடத்தியவர்கள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் சுமித்திரா மூச்சிரைக்க வந்தாள்.

"பிள்ளை உங்களோட நிக்கிறாள் எண்டெல்லோ நினைச்சன்."

மகளுக்கு ஆறு வயது. 'காணவில்லை' என்ற சொல்லை, போரில் பலர் காணாமற்போன இந்தப் பக்கத்தில் எவரும் பகிடிக்கும் சொல்லார். அறிவிப்பாளன் வேறென்ன செய்வான்? நின்ற இடத்திலேயே, களத்தின் நடுவிலேயே, ஒலிவாங்கியை வாயோடு வைத்தான்.

"நிலானி. செல்வராசா நிலானி. எங்க நிண்டாலும் அப்பாட்ட வாங்கோ."

"ஓம் அப்பா."

குவியலுக்குப் பின்னால். மகளின் குரலேதான். ஓடிப்போய்ப் பார்த்தான். ஆளில்லை. யாரோ இப்போதுதான் எழும்பிப் போனது போல நெல் மட்டும் சரிந்துகொண்டிருந்தது.

ஐஸ்கிறீம் விற்கும் வண்டியடியில் நின்ற மகளைச் சுமித்திரா கண்டுபிடித்துக் கூட்டிவந்தாள். உயிர் திரும்பியவனாகக் குனிந்து, "நிலானி" என்றான். மகள் நிமிரவில்லை. வைக்கோலுக்குள் இருந்து, முன்னையதை விடக் கிட்ட, "ஓம் அப்பா" என்று கேட்டது.

மகள் ஐஸ்கிறீமை நக்கியபடி அவனைப் பார்த்தாள். "ஆரைக் கூப்பிடுறீங்கள்?"

மோட்டார் சைக்கிளில் வரும் வழியில், பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்த சுமித்திரா, தாங்க முடியாமல் ஒருதரம் அந்தப் பெயரைச் சொல்லி அழுதுவிட்டாள். வாய்க்கால் கரையிலிருந்து பதில் வந்தது. வண்டிக்குச் சமமாக, மூச்சு வாங்காமல் வந்தது.

வீட்டுக் கதவுகளைப் பூட்டினான். மகளைக் கதிரையில் இருத்தி, புட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அவள் பாதி சாப்பிட்டு நிறுத்தினாள்.

"அம்மா, எனக்கு என்ன பேர்?"

சுமித்திரா வாயைப் பொத்திக்கொண்டாள். புதுப் பேர் ஒன்று வைப்போம், உனக்குப் பிடித்ததாகப் பார்த்து வைப்போம் என்று ஊருக்கெல்லாம் கதைத்தவன் எப்படியோ சொன்னான். மகள் மெல்லச் சிரித்தாள். இப்படியே சமாளிக்கலாம். அந்தப் பழைய பெயரை இனி யாரும் சொல்லாவிட்டால் போதும்.

வாசல் படலை திறபட்டது. அடுத்த வீட்டு வீரம்மா. விழாவில் அவன் அறிவித்ததைக் கேட்டுப் பதறி வந்திருக்கிறாள், பாவம். அவன் கதவடிக்கு ஓடினான். பிந்திவிட்டான்.

"நிலானி, வந்திட்டியோ பிள்ளை?"

"ஓம் மாமி."

உள்ளறையில் இருந்து.

மகளின் வாய் மூடியே இருந்தது.

அறைச் சீலை அசைந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்தில். விலகியது. எவருமில்லை. பச்சை நெல்லின் மணம்.

மகள் கதிரையை விட்டு இறங்கினாள். வீட்டுக்காரப் பிள்ளைக்கு இடம் விடும் விருந்தாளி போல. சுவரோரமாய்ப் போய்க் கை கட்டி நின்றாள்.

கதிரை கிறீச்சிட்டது. பாதி தின்ற புட்டுக் கோப்பை மெல்ல இழுபட்டது.